நோன்பு நாளில் தாகத்தைத் தள்ளிப்போட: சப்ஜா ஓட்ஸ், வெள்ளரித் தயிர் செய்முறை

ரமலான் மாதத்தில் சஹர் (நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் சாப்பிடும் நேரம்) முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நான்கைந்து டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு நோன்பு வைப்பவர்கள் நிறையப் பேர். இதனால் பெரிய பலன் இல்லை. மொத்தமாக உள்ளே போகும் வெறும் தண்ணீரில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் ஓரிரு மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். அதே தண்ணீர் நார்ச்சத்தும் புரதமும் உள்ள உணவோடு சேர்ந்து போனால் வயிற்றிலிருந்து மெல்ல இறங்கும். அதனால் சஹரில் குடிக்கும் தண்ணீரைவிடச் சாப்பிடும் தண்ணீரில் அதிகக் கவனம் வையுங்கள். வெள்ளரியில் 95 சதவீதமும் தர்பூசணியில் 91 சதவீதமும் தயிரில் 88 சதவீதமும் தண்ணீர்தான்.

கீழே உள்ள அளவுகள் ஒருவருக்கானவை.

படி 1: இரவுத் தண்ணீரை அளந்து வையுங்கள்

ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். நோன்பு திறந்ததிலிருந்து தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிவதற்குள் முதல் பாட்டில், அதன்பிறகு சஹர் முடிவதற்குள் இரண்டாவது. டம்ளர் கணக்கு வேண்டாம், பாதியில் மறந்துபோகும். பாட்டிலைப் பார்த்தாலே எவ்வளவு பாக்கி என்று தெரியும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு லிட்டர் போதாது, கூடுதலாக வேண்டும்.

நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) தொழுதுவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சில்லென்ற தண்ணீர் தாகத்தைச் சட்டென்று அடக்கிவிடும், தேவையான அளவு குடிக்கும் முன்பே போதும் என்று தோன்றிவிடும்.

படி 2: சப்ஜாவை ஊறவைத்தல்

பலரும் தடுமாறும் இடம் இது. சப்ஜா (திருநீற்றுப்பச்சிலை) விதையை நேராகப் பாலிலோ தயிரிலோ கொட்டிவிட்டு, காலையில் பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கிறது, கடித்தால் நறநறவென்கிறது என்பார்கள். தயிர் கெட்டியானது, விதை உறிஞ்சிக்கொள்ள அதில் போதிய தண்ணீர் எளிதில் கிடைக்காது. எனவே எதில் சேர்ப்பதானாலும் முதலில் தனியாகத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும்.

வாயகன்ற கிண்ணத்தில் 150 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் ஊறும், கொதிநீர் கூடாது. ஒரு டீஸ்பூன் சப்ஜாவை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கலக்குங்கள். வரிசையை மாற்றி விதைமேல் தண்ணீரை ஊற்றினால் மேலடுக்கு உடனே கூழாகி உள்ளே இருக்கும் விதையை மூடிவிடும். கட்டி விழுவது அதனால்தான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை கலக்குங்கள். இதற்கு ஸ்பூனைவிட முள்கரண்டி நல்லது, அதன் பற்கள் கட்டியைப் பிரித்துவிடும்.

15 முதல் 20 நிமிடம் ஆனதும் ஒரு ஸ்பூன் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் வெள்ளையில் கண்ணாடி மாதிரி ஓர் உறை, நடுவில் கறுப்புப் புள்ளி தெரிய வேண்டும். உறை இல்லாத கறுப்பு விதைகள் அடியில் கிடந்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். ஊறாத சப்ஜாவை விழுங்கவே கூடாது, தொண்டையில் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கும் சப்ஜாவைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: ஓட்ஸ்

மூடி போட்ட ஜாடியில் அரை கப் ஓட்ஸ், 150 மில்லி பால், 100 கிராம் தயிர், ஊறிய சப்ஜா முழுவதும், விதை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழம் இரண்டு. கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். காலையில் இறுகியிருந்தால் பால் ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம். தட்டையான முழு ஓட்ஸ்தான் இதற்குச் சரி. உடனடி ஓட்ஸ் இரவு முழுக்க ஊறினால் பசையாகிவிடும்.

படி 4: வெள்ளரித் தயிர்

இதைச் சஹர் நேரத்தில்தான் செய்ய வேண்டும். நடுத்தர வெள்ளரிக்காயின் காம்புப் பக்கம் ஒரு விரல்கடை வெட்டி, கொஞ்சம் கடித்துப் பார்த்துக் கசப்பு இல்லையென்றால் தோலோடு பெரிய கண் துருவியில் துருவுங்கள். ஒரு கப் தயிர், வறுத்துப் பொடித்த சீரகம் கால் டீஸ்பூன், புதினா நான்கைந்து இலை சேர்த்துக் கலக்குங்கள். உப்பைக் கடைசியில், வாயில் வைக்கும் முன் ஒரு சிட்டிகை மட்டும் போடுங்கள். முன்னதாகப் போட்டால் வெள்ளரியின் நீரெல்லாம் இறங்கி மேலே தேங்கிவிடும். அப்படித் தேங்கினால் வடித்துக் கொட்டாதீர்கள், நமக்கு வேண்டியதே அந்த நீர்தான், கலக்கிக் குடித்துவிடுங்கள்.

எதைத் தள்ளிவைக்க வேண்டும்

ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், கருவாடு எதுவும் சஹரில் வேண்டாம். உப்பு கூடினால் இரத்தத்தின் அடர்த்தி ஏறும், மூளை உடனே தாகத்தைத் தூண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்து நோன்பு வைத்திருந்தாலும் நண்பகலுக்குள் நாக்கு வறண்டுவிடும். தர்பூசணியை இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் நேரத்துக்கு) வைத்துக்கொள்ளுங்கள், சஹரில் அதை மட்டும் தின்றால் சீக்கிரம் பசிக்கும்.

காபி, தேநீர் குடித்துப் பழகியவர்கள் நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், அதைத் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்துக் குழம்புவோம்.

பிறகு சேர்த்தவை

சப்ஜாவுக்குப் பதில் சியா போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அது மெதுவாக ஊறும், இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

இளநீர் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் அன்றிரவு இன்னும் அரை லிட்டர் கூட்டுங்கள். தலைசுற்றல், மனக்குழப்பம், சிறுநீர் வெகுநேரம் வராமலிருப்பது இவற்றில் எது இருந்தாலும் நோன்பை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து மருத்துவரிடம் போங்கள். நோயாளி அந்த நோன்பை வேறு நாளில் நோற்கலாம் என்று குர்ஆன் 2:184 அனுமதி தருகிறது.