எம்.பி.பி. அலுவலகத்துக்குப் போவதற்கு முன்

அம்மாவின் சுகாதார அட்டை வராமல் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. கடவுச்சீட்டில் அவருடைய பெயரில் 'எச்' என்ற எழுத்து இருக்கிறது. விண்ணப்பத்தில் அது விடுபட்டிருந்தது. உதவி கேட்டு நான் முதலில் போனது மத்திய எம்.பி. அலுவலகத்துக்கு. அது மாகாண அரசின் வேலை, போக வேண்டியது எம்.பி.பி. (மாகாண சட்டமன்ற உறுப்பினர்) அலுவலகத்துக்கு என்று தெரிந்துகொள்வதற்குள் இன்னும் இரண்டு வாரங்கள் வீணாகின.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், பாடசாலைக் கல்வி, முதியோர் பராமரிப்பு இல்லம் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. குடிவரவும் கடவுச்சீட்டும் மத்திய அரசினுடையவை. குப்பைக்கும் தெருப் பனிக்கும் நகரசபையைக் கேளுங்கள்.

அடுத்து உங்கள் தொகுதி. மாகாண சட்டமன்றத்தில் 124 தொகுதிகள் உண்டு. பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்காபரோ–றூஜ் பார்க் என்ற பெயரில் மாகாணத் தொகுதி, மத்திய தொகுதி இரண்டுமே இருந்தன. 2025 மத்திய தேர்தலில் மத்திய தொகுதி ஸ்காபரோ–கில்ட்வுட்–றூஜ் பார்க் ஆகிவிட்டது, எல்லையும் மாறியது. மாகாணத் தொகுதி பழையபடியே இருக்கிறது. எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டை இட்டுப் பாருங்கள்.

பிறகு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எப்போது விண்ணப்பித்தீர்கள், கோப்பு இலக்கம் என்ன, கடைசியாக என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். நான் அம்மாவின் கடவுச்சீட்டுப் பிரதியில் அந்த 'எச்' எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். எம்.பி.பி. அலுவலக உதவியாளர் கதை கேட்கவில்லை. வட்டத்தைப் பார்த்தார், உடனே விளங்கிக்கொண்டார். தனிப்பட்ட விவரங்களை அவர்கள் விசாரிக்க ஒப்புதல் படிவம் வேண்டும். அதில் கையொப்பமிட வேண்டியவர் அம்மா, நானல்ல. ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது ரொறன்ரோவில் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் திங்கள் முதல் வியாழன் வரை அமர்வு இருக்கும். உறுப்பினரையே நேரில் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குச் சந்திப்பு நேரம் கேளுங்கள். அட்டை, படிவம் போன்றவற்றுக்கு உதவியாளரே போதும். நீதிமன்றத்திலோ வாடகை நடுவர் மன்றத்திலோ இருக்கும் வழக்கின் தீர்ப்பை அவர்களால் மாற்ற முடியாது. அதற்குச் சட்ட உதவி நிலையத்தை நாடுங்கள்.

ஊருக்கே பொதுவான குறை என்றால் கதை வேறு. அப்போது சட்டமன்றத்துக்கு முகவரியிட்ட மனுவில் அயலவர்களின் கையொப்பங்களை வாங்கி உறுப்பினரிடம் கொடுங்கள். அவர் அதைச் சபையில் சமர்ப்பிக்கலாம். தனிநபர் மசோதாவும், அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவும், ஒரு வழி. தமிழினப் படுகொலைக் கல்வி வாரச் சட்டம் அப்படித்தான் வந்தது: ஸ்காபரோ–றூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்தார், 2021 மே மாதம் சட்டமானது. உங்கள் உறுப்பினர் சபையில் என்ன பேசினார் என்பதை சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட்டில் பெயரிட்டுத் தேடி வாசிக்கலாம். போவதற்கு முன் நான் வாசித்தேன்.

வெளியே வருமுன் உதவியாளரின் பெயரையும் தேதியையும் உங்கள் பிரதியின் மேல்மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் அதே பெயரைச் சொல்லித் தொலைபேசியில் கேளுங்கள்.