குடித்துவிட்டு ஓட்டியவர் நடந்துபோனவரை இடித்தால்: முதல் இரவில் செய்ய வேண்டியது, பிறகு செய்ய வேண்டியது

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். விபத்துக் கேஸ் கட்டுகள் என் மெஷினில் அடிக்கடி ஏறி இறங்கும். ஆனால் அந்தத் தாள்களில் எது எதற்கு என்று நான் படிக்கத் தொடங்கியது 2024 நவம்பரில், என் அப்பாவை ஒரு பிக்கப் வண்டி இடித்த பிறகுதான்.

அப்பாவுக்கு அப்போது 58 வயது. முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. அன்று இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் குடையுமாக நடந்து வந்துகொண்டிருந்தார். மாலை ஆறரை மணி, மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டது. வளைவில் வந்த வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி அவரைத் தள்ளியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது. ஓட்டியவர் ஓடிவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அவரே அப்பாவைத் தூக்கி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. வராந்தாவில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மூன்றடி தள்ளி நின்றும் வாடை அடித்தது. ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் காலை பதினோரு மணிக்குக் காவல் நிலையத்தில் ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்யம் காட்டியது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

போதை தெளிவதற்குள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். கஞ்சா மாதிரிப் போதைப் பொருள் எடுத்துவிட்டு ஓட்டினாலும் இதே பிரிவுதான். ஆனால் ஊதும் கருவி அதைக் காட்டாது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதே 100 மில்லி ரத்தக் கணக்கில், உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை ஆல்கஹாலைக் கரைத்துவிடும். இரவு ஏழு மணிக்கு 120 இருந்தவருக்கு, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கெல்லாம் 30-க்குக் கீழே வந்துவிடும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் நான் வராந்தாவில் சும்மா நின்றிருக்க மாட்டேன்.

அதனால் 108-க்குச் சொன்ன கையோடு போலீஸ் அவசர எண் 112-க்கும் போன் செய்யுங்கள். “விபத்து” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். “ஓட்டியவர் குடித்திருக்கிறார், இங்கேதான் இருக்கிறார், சோதனை செய்யணும்” என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் விபத்து செய்த ஓட்டுநரை ஊதச் சொல்ல 203-வது பிரிவு போலீசுக்கு அதிகாரம் தருகிறது. அவர் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தாலும் அங்கேயே வைத்துச் செய்யலாம். ஊத மறுத்தாலோ, கருவி காட்டிவிட்டாலோ, 204-ன் கீழ் மருத்துவர் ரத்தம் எடுக்கலாம். காரணமில்லாமல் மறுத்தால் 205-வது பிரிவு அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள விடுகிறது. 185-ல் போலீஸ் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று 202 சொல்கிறது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். “203, 204” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஓட்டியவரை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் கூட்டம் சேர்ந்தால் கை நீளும். அப்புறம் அவரும் எதிர்ப் புகார் கொடுப்பார், உங்கள் அண்ணன் தம்பி ஸ்டேஷனுக்கு அலைவார்கள்.

மருத்துவமனையில் எழுதும் முதல் வரி

எங்கள் கேஸைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது இதுதான். மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார்கள் என்று பணி மருத்துவர் கேட்டு எழுதுவார். அப்பாவை அழைத்து வந்தது ஓட்டியவர்தானே? “ரோட்டில் விழுந்து கிடந்தார், தூக்கி வந்தேன்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே பதிவாகிவிட்டது. அப்பா வலியில் முனகிக்கொண்டு இருந்தார். நான் அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்கவே இல்லை.

நல்லவேளையாக மறுநாள் அறுவைச் சிகிச்சைக்கு வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அப்பா தெளிவாகப் பேசினார். பிக்கப் வண்டி மோதியது, ஓட்டியவர் மேல் மது வாடை அடித்தது என்று இரண்டாவது பதிவில் ஏறியது. பின்னால் இன்சூரன்ஸ் வக்கீல் முதல் தாளைக் காட்டி, “வண்டியே இடிக்கவில்லை, வழுக்கி விழுந்தவர்” என்று வாதாடியபோது, அந்த இரண்டாவது தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. எனவே அடிபட்டவரோடு போகிறவர், பணி மருத்துவர் எழுதும்போது பக்கத்தில் நின்று வண்டி நம்பரோடு சொல்ல வேண்டும். ஓட்டியவரும் அங்கே இருந்தால் அவருடைய நிலையையும் குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சைப் பணத்தை நினைத்து யாரும் பயந்து நிற்க வேண்டாம். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு பார்த்துக்கொள்கிறது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் பார்க்கலாம். வழியில் போகிறவர் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தால் அவருக்கு எந்தச் சட்டச் சிக்கலும் வராமல் மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

செருப்பு எங்கே கிடந்தது

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அன்று இரவே போய்ப் போனில் நான்கு படம் எடுத்திருந்தான். ஒன்றில் அப்பாவின் ஒற்றைச் செருப்பு. தார் ரோட்டை விட்டு இரண்டடி தள்ளி, மண்ணில், டயர் தடத்துக்கு நடுவில் கிடந்தது. டார்ச் பள்ளத்தில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நடந்துபோகிறவர் நடு ரோட்டில் போனார், அவர் மேலும் பாதித் தப்பு இருக்கிறது என்று சொல்லி நஷ்டஈட்டைக் குறைப்பது எதிர்த்தரப்பு வழக்கமாகச் செய்வது. அந்தச் செருப்புப் படத்துக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. போன் படத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதனால் படம் எடுத்த போனையும் மூலக் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகல் போதாது. பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி கேட்டிலோ கடையிலோ கேமரா இருந்தால் மறுநாளே போலீசுக்கு எழுதிக் கொடுங்கள். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

புகாரில் “குடித்திருந்தார்” என்ற சொல் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரைட்டர் அவசரத்தில் “அதிவேகமாக, அஜாக்கிரதையாக” என்ற வழக்கமான வரியோடு நிறுத்திவிடுவார். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் தாறுமாறாக ஓட்டியதற்கு 281-வது பிரிவு. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று வருடம் வரை. உயிர் போனால் 106(1), ஐந்து வருடம் வரை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று காட்ட முடிந்தால் 105, பத்து வருடம் வரை. 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய ஏழு கூலித் தொழிலாளர்கள் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-ல் இந்த வழியில்தான் போனது. குடித்திருந்தார் என்ற மருத்துவச் சான்று இல்லாமல் அந்த அளவுக்குப் போவது கஷ்டம். எங்களுக்கு 281-ம் 125(பி)-யும் மட்டும்தான் கிடைத்தது.

சமாதானம் பேச வருவார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் நாளே வண்டி உரிமையாளர் இரண்டு பெரியவர்களோடு வந்தார். “எல்லாம் நம்ம ஆளுங்கதானேம்மா, கேஸ் கீஸுன்னு எதுக்கு, இந்த இருபதாயிரத்தை வச்சுக்க” என்றார். வெற்றுத் தாளில் அப்பா கைநாட்டும் கேட்டார்கள். சிகிச்சைக்கு உதவியாகப் பணம் தந்தால் வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உயிர் போன கேஸை ஊர்ப் பேச்சில் முடிக்கவே முடியாது.

பணத்துக்கு யார் பொறுப்பு

குற்ற வழக்கு வேறு, நஷ்டஈடு வேறு. நஷ்டஈடு கேட்க அவர் குடித்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அஜாக்கிரதையாக ஓட்டினார் என்பது போதும். ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று பேரையும் சேர்த்து மனு போட வேண்டும். வேலைக்கு வைத்தவர் ஓட்டினால் முதலாளி “எனக்குத் தெரியாது” என்று ஒதுங்க முடியாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் தெரியும்.

இங்கே ஒரு தவறான யோசனை ஊருக்குள் சுற்றுகிறது. “குடிச்சிருந்தான்னு சொன்னா இன்சூரன்ஸ் தராது, அதை விட்டுடுங்க” என்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில் கம்பெனிக்கு அந்த எதிர்வாதம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் நடுவில் உள்ள விஷயம். ரோட்டில் நடந்துபோனவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. உண்மையை மறைக்காதீர்கள்.

நஷ்டஈட்டு மனுவை அதே சட்டத்தின் 166-வது பிரிவில், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்தும் போடலாம். இடித்தது வெளிமாநிலச் சுற்றுலா வண்டியாக இருந்தாலும் நீங்கள் அங்கே போய் அலைய வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அப்பா கணக்கை அப்படியே தருகிறேன். ஃபேக்டரி மாதாமாதம் தரும் இலை பில்லும் கூலி வேலையும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் காட்டினோம். 50 முதல் 60 வயதுக்குள் சொந்தத் தொழில் என்றால் எதிர்கால வருமானத்துக்கு 10 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 13,200, வருடத்துக்கு 1,58,400. 56 முதல் 60 வயதுக்குப் பெருக்கும் எண் 9. பெருக்கினால் 14,25,600. கால் ஊனத்தால் வேலைத் திறன் 30 சதவீதம் போனது என்று எடுத்தால் 4,27,680. இதற்கு மேல் மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்தவர் செலவு, வலிக்கு. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தோம். அந்த இலை பில்களை அப்பா அரிசி டப்பாவுக்குள் சேர்த்து வைத்திருந்ததால்தான் 12,000 நின்றது. சரிவில் ஏறி இலை பறிக்கிறவருக்குக் கால் என்றால் என்ன என்பதையும் வக்கீலிடம் விளக்கிச் சொல்லுங்கள். சான்றிதழில் இருக்கும் சதவீதமும் தொழிலில் இழந்த சதவீதமும் ஒன்றல்ல.

இடித்துவிட்டு ஓடிய வண்டி தெரியவே இல்லையென்றால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியில் கிடைக்கும். கோத்தகிரி ஆட்கள் குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, அன்று இரவு நான் கொடுத்திருக்க வேண்டிய மனு. இதைப் போனில் சேமித்து வையுங்கள்:

“ஐயா, இன்று ___ மணிக்கு ___ இடத்தில் ___ எண் வாகனம் என் ___ மீது மோதியது. ஓட்டியவர் மது அருந்தியிருப்பதாகத் தெரிகிறது. அவர் தற்போது ___ இல் இருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 203, 204 பிரிவுகளின்படி உடனே மூச்சுப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் மணியும் வாங்குங்கள். மணி முக்கியம். இந்த மனுவை அடிக்க யார் வந்தாலும், எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும், என் கடையில் காசு வாங்குவதில்லை.