சாப்பாட்டுக்குப் பயப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால்: டயட்டீஷியனோடு சேர்ந்து நடப்பது எப்படி

என் தங்கச்சி ஒன்றரை வருடம் சாப்பாட்டோடு சண்டை பிடித்தாள். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. சோதனை யோசனை, பிடிவாதம், கண்ணூறு என்று ஆளுக்கொன்று சொன்னோம், அம்மா நாவூறும் கழித்துப் பார்த்தார். அது உணவு உண்ணும் கோளாறு என்கிற நோய், வைத்தியரும் உளவளத்துணையாளரும் டயட்டீஷியனும் சேர்ந்து பார்க்க வேண்டியது என்பது பிந்தித்தான் விளங்கியது. உங்களுக்குப் பிந்தக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வைத்தியர். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று வயிறு முட்டக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, இரத்தத்தில் இருக்கும் பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய கனியுப்புகள் கலங்களுக்குள் இழுபட்டுப் போகும், இதயத் துடிப்பு தடுமாறும், உயிர்கூடப் போகலாம். அதனால்தான் இரத்தம் சோதித்து, தயமின் என்கிற விற்றமின் B1 கொடுத்து, சாப்பாட்டின் அளவைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். தேறட்டும் என்று நீங்களாகவே முட்டைக்கோப்பியும் ஆட்டுக்கால் சூப்புமாக ஊட்டத் தொடங்காதீர்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல் என்றால் யோசிக்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

டயட்டீஷியனிடம் போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம். என்ன, எத்தனை மணிக்கு, யாரோடு, சாப்பிட்ட பிறகு மனம் எப்படி இருந்தது, அவ்வளவுதான். வாந்தி எடுப்பதையும் பேதிக்குளிசை போடுவதையும் மறைக்க வேண்டாம், அதைச் சொன்னால்தான் பொட்டாசியத்தைக் கவனிப்பார்கள். கேள்வி பிள்ளையிடம்தான் கேட்கப்படும், பதிலைப் பிள்ளையே சொல்லட்டும். எங்கள் அம்மாவுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

பிறகு நேர அட்டவணை வரும்: மூன்று சாப்பாடு, இரண்டு மூன்று சிற்றுண்டி, இடைவெளி மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. பசி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது, ஏனென்றால் பசி சொல்லும் மணியே பழுதாகிப் போயிருக்கிறது, குளிசை மாதிரி நேரத்துக்குத்தான் சாப்பாடு. எங்கள் வீட்டில் காலை பிட்டும் முட்டைப்பொரியலும், பத்து மணிக்குப் பால்தேத்தண்ணியும் வாழைப்பழமும், மத்தியானம் சோறு, மீன்குழம்பு, பருப்பு, கீரை, நாலு மணிக்கு எள்ளுருண்டை, இரவு இடியப்பமும் சொதியும், படுக்க முன் கொஞ்சம் தயிர். இதை அப்படியே பார்த்து எழுதாதீர்கள், அளவு ஆளுக்கு ஆள் மாறும். வயிறு ஊதுது என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். பட்டினியில் இரைப்பையும் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

தங்கச்சியின் பெரிய பயம் தேங்காய்ப்பால். எங்கள் சமையலில் அதை ஒதுக்கினால் என்ன மிஞ்சும்? டயட்டீஷியன் அவளையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னார், பயம் குறைந்த சாப்பாடு மேலே, கூடினது கீழே. இரண்டாம் பால் விட்ட சொதி ஒரு கரண்டியில் தொடங்கி முதற்பால் கறி வரைக்கும் மூன்று மாதம் எடுத்தது. இடையில் ஒருநாள் அழுது தட்டைத் தள்ளினாள், அடுத்த வேளை அதே நேரத்துக்கு வழமைபோல வைத்தோம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் யாராவது அவளோடு கரம் விளையாடுவோம், வாந்திக்குப் போகும் யோசனை அந்த நேரத்தில்தான் வரும். எடுத்துவிட்டால் திட்ட வேண்டாம், தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், உடனே பல் தீட்டினால் அமிலம் பட்ட பல் தேயும். வீட்டுத் தராசை எடுத்து ஒளித்துவிடுங்கள். கிளினிக்கில் அவள் தராசுக்கு முதுகு காட்டித்தான் நிற்பாள், எண் டயட்டீஷியனுக்கு மட்டும்தான்.

இனி அம்மம்மா. வன்னியில் பட்டினி கேள்விப்பட்ட கதையல்ல. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு, தட்டில் சோறு மிச்சம் வைக்கும் பேத்தியைப் பார்க்கப் பொறுக்காது. "நாங்கள் சோறில்லாமல் கிடந்தம், உனக்கென்ன கொழுப்பு" என்பார், தங்கச்சி அடுத்த வேளையும் சாப்பிடமாட்டாள். டயட்டீஷியன் அம்மம்மாவையும் ஒருநாள் கூட்டிவரச் சொன்னார். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்ததையும், நல்ல சுகதேகிகளாக இருந்தவர்கள் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்து, சமையல் புத்தகம் வாசித்து, எரிந்து விழுந்ததையும் சொன்னார். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓம் பிள்ளை, பங்கருக்குள்ள இருந்து நாங்களும் மீன்குழம்புக் கதைதான் கதைச்சனாங்கள்" என்றார். அன்றைக்குப் பிறகு பக்கத்தில் இருந்து சாப்பிட்டாரே தவிர, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊராருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: உடம்பைப் பற்றிக் கதைக்கக்கூடாது. "நல்லாத் தேறிட்டாய்" என்று அன்பாகச் சொன்னாலும் பிள்ளையின் காதில் "கொழுத்திட்டாய்" என்றுதான் விழும். படிப்பையோ நாய்க்குட்டியையோ கேட்கட்டும். கந்தசஷ்டி, வெள்ளி, தவக்காலம் எந்த விரதமும் இப்போதைக்கு வேண்டாம், நோயாளிக்கு விலக்கு உண்டு.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள், பயம் போக உடம்பை விடக் கூடுதலான காலம் எடுக்கும். தங்கச்சிக்குச் சோதனைக் காலத்தில் நோய் திரும்பி வந்தது, கொப்பியைப் பார்த்து முதல் கிழமையிலேயே பிடித்துவிட்டோம். உங்கள் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று வைத்தியரிடமே கேளுங்கள், யாரிடம் தொடங்குவது என்றே தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.