ஊராட்சி பட்ஜெட்டில் பெண்களின் பங்கைக் கேட்டு வாங்குவது எப்படி

அரசுப் பணம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்துப் பட்ஜெட் போடுவதற்குப் பாலின பட்ஜெட் என்று பெயர். அப்படிச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு தையல் பயிற்சி, ஒரு மகளிர் தின விழா, இவற்றுக்காக ஒதுக்கும் சிறு தொகை. அந்தச் சிறு தொகையைப் பற்றி நான் இங்கே அதிகம் பேசப்போவதில்லை. தெருவிளக்கு, குடிநீர், சாலை, சம்பளம் என்று பெரிய பணம் போகிற இடங்களில்தான் ஒரு பெண்ணின் நாள் சுலபமாவதும் சிரமமாவதும் முடிவாகிறது. கை வைக்க வேண்டியது அங்கேதான். வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பில் இருப்பவர், கிராம சபைக்குப் போய்க் கேள்வி கேட்கும் பழக்கமுள்ளவர், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மேலே, டெல்லியில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அங்கே நடக்கும் தவறுகள்தான் கீழேயும் நடக்கின்றன. ஆஸ்திரேலியா 1984லேயே பட்ஜெட்டைப் பெண்கள் நோக்கில் அலசி அறிக்கை போட ஆரம்பித்தது. இந்தியாவில் 2005-06 முதல் மத்திய பட்ஜெட்டோடு ஒரு பாலின பட்ஜெட் அறிக்கை வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, குறைந்தது 30 சதவீதமாவது பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இரண்டாவது பகுதி, 30 சதவீதத்துக்கும் குறைவாகப் போகிறவற்றுக்கு 2024-25ல் மூன்றாவது பகுதி சேர்ந்தது. 2025-26க்கு இந்த அறிக்கையின் மொத்தத் தொகை 4.49 லட்சம் கோடி ரூபாய், அதாவது மொத்த பட்ஜெட்டில் 8.86 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் பணத்தை முழுக்க முழுக்கப் பெண்களுக்கானது என்று முதல் பகுதியில் வைத்திருக்கிறார்கள். வீடு பெண் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருப்பது நல்லதுதான், அதற்காக மொத்த வீட்டுச் செலவையும் பெண்கள் கணக்கில் எழுதினால் தொகை வீங்குமே தவிர, புதிதாக எதுவும் செய்ததாக ஆகாது. ஒரு செலவுக்குப் பெண்கள் என்ற பெயரை ஒட்டுவது மிகச் சுலபமான வேலை. உங்கள் ஊரில் யாராவது அப்படிச் செய்து காட்டினால் அதோடு திருப்திப்படாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு படிவம் 30ல் இருக்கும், கிராம சபையில் அதை வாசிக்க வேண்டும், பார்வைக்கு வைக்க வேண்டும். வேகவேகமாக வாசித்துவிட்டுப் போனால் நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கையில் கிடைத்ததும் ஒதுக்கீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒதுக்கியது வாக்குறுதி, செலவானதுதான் காரியம். டெல்லியில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு 2013ல் பெண்கள் பாதுகாப்புக்கென்று 1000 கோடியோடு நிர்பயா நிதி வந்தது. பல ஆண்டுகள் அதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. அறிவிப்பு வந்த நாளில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் பிறகு செலவுக் கணக்கைக் கேட்டார்கள்?

எந்தப் பணத்தை எதற்குத் தொடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மானியங்கள் இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிக் கொடுத்தவை. மத்திய அரசின் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி சொல்லும் 15ஆவது நிதிக்குழு, 2021-26க்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. இது தெரியாமல் அந்தப் பணத்தில் தெருவிளக்கு கேட்டால் ‘விதியில் இடமில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதே பணத்தில் தெருக்குழாயும் கழிப்பறைப் பராமரிப்பும் கேட்டால் அவர்களால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம் ஒவ்வொரு செலவுக்கும் மூன்று கேள்விகள் போதும். இதை யார் பயன்படுத்துகிறார்கள்? இதனால் யாருடைய நேரம் கூடுகிறது, யாருடையது குறைகிறது? இதில் கூலி யாருக்கு, எவ்வளவு?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முதன்மையான கேள்வி. 2019ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024ல் திரும்ப எடுத்தபோது 289, 88. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் என்பது நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் இரண்டாவது ஷிப்ட். அரசு ஒரு வேலையைச் சரியாகச் செய்யாதபோது அது போய் விழுவது இந்த ஐந்து மணி நேரத்தின் மேல்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குடம் யார் தலையில் ஏறுகிறது? அங்கன்வாடி மதியமே மூடிவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு ஓடி வருவது யார்?

குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, குழாய் போட்டாயிற்று, கணக்குப்படி எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று. டேங்க் ஆபரேட்டர் காலை பத்து மணிக்குத் திறந்து விடுகிறார். பத்து மணிக்குப் பெண்கள் களையெடுக்கவோ பனியன் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். ஆகவே ஒரு வீட்டில் படிக்கிற பெண் பிள்ளை பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள், இன்னொரு வீட்டில் வயதான அம்மா குடத்தைத் தூக்குகிறார், யாரும் இல்லாத வீட்டில் சாயங்காலம் பக்கத்துத் தெரு கைப்பம்பில் அடித்துக்கொள்கிறார்கள். பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல், திறக்கும் நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றித் தீர்மானம் போட்டால் இது தீரும். மாற்றிய பிறகு கடைசித் தெரு வரை அழுத்தம் எட்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எட்டாதது பட்டியல் சாதி மக்கள் வாழும் தெருவாக இருக்கும். அங்கே வால்வு போட வேண்டும் என்றால் அது செலவு, அந்தச் செலவைத்தான் கேட்க வேண்டும்.

பணமே இல்லையே, எங்கே போய்ச் செய்வது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். நேரத்தையும் வரிசையையும் இடத்தையும் மாற்றுவதற்குப் பல சமயம் பணம் தேவைப்படுவதில்லை. பத்து விளக்கு வந்தால் முதல் விளக்கு எங்கே? கோயில் முக்கிலும் தலைவர் வீட்டு வாசலிலும் போட்டு முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்கி வேலையிலிருந்து திரும்பும் பெண்கள் நடக்கிற பாதைக்கு அடுத்த வருஷம் என்று சொல்வதை இனி ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கழிப்பறைக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் தமிழ்நாடு இதில் பட்டே தெரிந்துகொண்டது. 2000களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள், நல்ல எண்ணம்தான். குளிக்க, துவைக்க, கழிப்பறை என்று எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் பல ஊர்களில் மோட்டார் பழுதாகி, தண்ணீர் நின்று, கதவு உடைந்து அவை பயனில்லாமல் போக, 2011-12ல் புதுப்பிக்கவென்று தனியாக நிதி ஒதுக்க வேண்டியிருந்தது. கட்டிடத்துக்குப் பணம் இருந்தது, அதை நடத்துவதற்குப் போதிய பணம் இல்லை. அதனால் கழிப்பறைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது தினசரிச் செலவையும் அதே தாளில் எழுத வையுங்கள்: தண்ணீர், மின் கட்டணம், சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம், பல்பு, தாழ்ப்பாள், நாப்கின் போடுவதற்கு மூடியுள்ள தொட்டியும் அதை எடுத்துப்போகும் ஏற்பாடும். அது எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதும் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஆறாவது மாதம் பூட்டுத் தொங்கும். இன்னொன்று, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சதுர அடி கொடுப்பது சமத்துவம் ஆகாது. அதே இடத்தில் ஆண்கள் பக்கம் சிறுநீர்க் கழிப்பிடங்களை வரிசையாக வைத்துவிட முடியும், பெண்கள் பக்கம் ஒவ்வொன்றும் கதவுள்ள அறை. பெண்களுக்கு நேரமும் கூடுதலாக ஆகும், பலர் குழந்தையோடு வருவார்கள். இருக்கை எண்ணிக்கையைக் கேளுங்கள், பெண்கள் பக்கம் அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, கூலி. இதைக் கேட்டால் அறை அமைதியாகிவிடும், ஆனாலும் கேளுங்கள். பெண்களுக்கான நலத்திட்டங்கள் பல, குறைந்த கூலி வாங்கும் வேறு பெண்களின் உழைப்பில்தான் நடக்கின்றன. சத்துணவு சமைப்பவர், அங்கன்வாடி உதவியாளர், தூய்மைக் காவலர், காலை உணவு சமைக்கும் குழுப் பெண்கள். மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று கொடுக்கப்படுவது எத்தனை மணி நேர வேலைக்கு, மாதத்தில் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, கையுறை, காலணி, விடுப்பு இதெல்லாம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். தூய்மைக் காவலரின் சம்பளம் மூன்று மாதம் நிலுவையில் இருக்கும் ஊராட்சியைப் பெண்களுக்கு உகந்த ஊராட்சி என்று எந்தப் படிவத்தில் எழுதினாலும் அது பொய்.

இனி, யாரைக் கேட்டுத் திட்டம் போடுவது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான ஒன்பது கருப்பொருள்களில் பெண்களுக்கு உகந்த ஊர் என்பதும் ஒன்று, கிராம சபைக்கு முன்னால் பெண்களுக்குத் தனியாக மகளிர் சபை கூட்டச் சொல்கிறார்கள். அதை நிஜமாகவே நடத்துங்கள். எல்லாரும் வேலை முடித்து வரக்கூடிய நேரத்தில், சமையல் நேரம் தவிர்த்து. குழுத் தலைவிகள் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அது கூட்டமாகாது. குழுவிலேயே சேராதவர்கள்தான் மிகவும் கஷ்டப்படுகிறவர்கள். தனியாக வாழும் கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், திருநங்கைகள், வாடகை வீட்டில் இருக்கும் வெளி மாநிலத் தொழிலாளிப் பெண்கள். அவர்கள் வரமாட்டார்கள், நீங்கள்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போய், என்ன வேண்டும் என்று கேட்காமல், நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் கூச்சத்தில் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். நேற்றைய நாளைச் சொல்ல ஆரம்பித்தால் ரேஷன் கடையில் நின்ற இரண்டு மணி நேரமும், இருட்டுவதற்காகக் காத்திருந்து வெளியே போனதும் தானாக வெளியே வரும். அதுதான் உங்கள் தரவு.

தீர்மானம் எழுதுவதில் கோட்டை விடாதீர்கள். ‘மகளிர் நலனுக்கு முன்னுரிமை அளிக்கப்படும்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, யாரையும் கேள்வி கேட்கவும் முடியாது. ‘பஸ் நிறுத்தம் முதல் நடுநிலைப் பள்ளி வரையுள்ள பாதையில் எட்டு விளக்குகள், ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, டிசம்பர் மாதத்துக்குள், பழுதானால் மூன்று நாளில் மாற்றுவது’ என்று இடம், எண்ணிக்கை, பணம், காலம் நான்கும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் புத்தகத்தை வாங்கி உரக்க வாசியுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெண் தலைவர்களிடம் இதை அழுத்திச் சொல்வேன்: 50 சதவீத இட ஒதுக்கீட்டில் நீங்கள் வந்து உட்கார்ந்த நாற்காலி உங்களுடையது, கணவரோ மகனோ காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு வந்தவர் அல்ல நீங்கள்.

பத்து சதவீதம் பெண்களுக்கு என்று கட்டாயம் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேரளம் 1997-98லேயே உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கியது. அந்த ஒதுக்கீடு பெண்களுக்குப் பேச ஓர் இடம் கொடுத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பத்தைக் கொடுத்துவிட்டோமே என்று மீதித் தொண்ணூறைப் பற்றிப் பேசவிடாமல் செய்யும் ஆபத்தும் அதில் இருக்கிறது. கேளுங்கள், வாங்குங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

துறை அளவில் திட்டம் தீட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மே 2021ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அது போக்குவரத்துத் துறையின் செலவு, எந்த மகளிர் திட்டத்தின் கீழும் தொடங்கியதில்லை. பிறகு மாநிலத் திட்டக் குழு போய்ப் பயணம் செய்கிறவர்களிடமே கேட்டு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று கண்டது. திட்டம் போட்டோம், இத்தனை கோடிப் பயணம் நடந்தது என்பதோடு விடாமல் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்ததால்தான் அந்த எண் கிடைத்தது. அதே கையோடு, பஸ் எத்தனை முறை வருகிறது, எந்த ஊருக்கு வரவே இல்லை என்பதையும் எண்ண வேண்டும். பஸ்ஸே வராத ஊரில் இலவசப் பயணத்தின் மதிப்பு பூஜ்யம். வரி, கட்டணம் பக்கமும் பாருங்கள்: 2018ல் நாப்கினுக்கு ஜிஎஸ்டி நீங்கியதும், ஏப்ரல் 2025 முதல் பெண் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைந்ததும் பட்ஜெட் முடிவுகள்தான்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுக்கான திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2ல் சூடுபிடிக்கும். ஆகவே ஆகஸ்ட் 15 கூட்டத்தில் படிவம் 30ஐக் கேட்டு வாங்கிவிடுங்கள், செப்டம்பர் முழுக்க வீடு வீடாகப் போங்கள், மகளிர் சபையை அந்த மாதக் கடைசியில் வையுங்கள், அக்டோபர் 2க்கு எழுதிய தீர்மானத்தோடு போங்கள். நிறைவேறியதும் அதன் நகலை ஒன்று கூட்டமைப்பிலும் ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். ஜனவரி 26 கூட்டத்தில் அந்த ரசீதை எடுத்து வைத்து, எட்டு விளக்கில் எத்தனை எரிகிறது என்று கேட்கலாம்.