எட்டாம் மாதத்தில் வீட்டுக்குப் போய்ப் பேசி முடிக்க வேண்டியவை

பிரசவ வலி எடுத்த பிறகு எடுக்கிற முடிவுகள்தான் பெரும்பாலும் தப்பாகப் போகின்றன. மாமியார் ஒன்று சொல்வார், தாய்வீட்டார் வேறொன்று சொல்வார்கள், கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். அதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் கர்ப்பத்தின் 32-இலிருந்து 34 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியர் ஒருமுறை வீட்டுக்கே போய், எல்லோரையும் வைத்துப் பேசிவிட வேண்டும். கணவர் ஊருக்கு வருகிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

முதலில் கர்ப்பிணிப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். பிரஷர் பார்க்கணும், வயிறு பார்க்கணும் என்று உள்ளே கூட்டிப்போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எதை நினைச்சா பயமா இருக்கு, கண்ணு? பிரசவத்தப்போ யார் பக்கத்துல இருக்கணும்? போன பிரசவத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். வீட்டில் அடி உண்டா என்பதையும் இங்கேதான் கேட்க முடியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பெண்கள் நிறைய. தமிழில் கேட்டால் தலையாட்டுவார்கள், புரிந்ததா என்று தெரியாது. அந்த மொழி தெரிந்த ஆஷா பணியாளரை (கிராமத்துச் சுகாதாரத் தொண்டரை) கூட்டிப் போங்கள். மாமியாரை நடுவில் வைத்துக் கேட்டால் பெண் சொன்னது அப்படியே வந்து சேராது.

சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, மீதியை எண்ணுங்கள். மிச்சம் இருந்தால் திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்திருப்பார். அதனால் கெடுதல் இல்லை. குமட்டல் என்றால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயும் ஒரு மணி நேரம் தள்ளியே. குழந்தை பெருத்துவிடும் என்று சாப்பாட்டைக் குறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பேச வேண்டியது பெரியவர்களிடம்தான்: "களியும் கீரையும் குறைச்சா பிரசவம் சுலபமாகாதும்மா, அவளுக்கு ரத்தம்தான் குறையும்."

அடுத்தது எந்த ஆஸ்பத்திரி. முந்தைய பிரசவம் சிசேரியன், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, 140/90 அல்லது அதற்கு மேல் பிரஷர், ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7 கிராமுக்குக் கீழே, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் பேச்சே வேண்டாம். தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இப்போதே எழுதி, தாய் சேய் நல அட்டையில் ஒட்டிவிடுங்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். தாய்வீட்டில் பிரசவம் என்றால் அந்த ஊர் செவிலியருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

வண்டி விஷயத்தில் அவசரப்படாமல் உட்காருங்கள். 108-க்குப் போன் செய்ய சிக்னல் எங்கே கிடைக்கிறது? கோயில் மேடா, தண்ணீர்த் தொட்டியா? ராத்திரியில் அங்கே ஓடப்போவது யார்? அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் இருட்டினால் யானை நடமாடும். லேசான வலி என்றாலும், பொழுது சாய்வதற்குள் கிளம்புவதுதான் அங்கே சரி. வண்டி ஏறாத மலைக் குக்கிராமம் என்றால், தூக்கி வர நான்கு பேரைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். அதைவிட நல்லது, சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே இறங்கி, மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்குவது. இதற்குப் பெண்கள் மறுப்பதற்குப் பல நேரம் பிரசவம் காரணமாக இருக்காது. மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, பெரிய குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான். அதை அங்கேயே பேசித் தீர்க்காமல் எழுந்து வராதீர்கள்.

நேரம் காலம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவை: ரத்தப்போக்கு, தண்ணீர்க்குடம் உடைதல், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு, குழந்தை அசைவு குறைதல். அசைவில் சந்தேகம் வந்தால், சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்துக்குக் குறைந்தால் போக வேண்டும்.

பிரசவ அறையில் கூட நிற்கப் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒரு பெண், கர்ப்பிணியே தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். அத்தையோ, அக்காவோ, பக்கத்து வீட்டு அம்மாவோ. அவருக்கு வேலை சொல்லிக்கொடுங்கள்: இடுப்பை அழுத்திவிடுவது, வாய் நனைய அடிக்கடி தண்ணீர் கொடுப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவது, நடக்க வைப்பது. வயிற்றை அழுத்தக் கூடாது. செவிலியர் சொல்வதற்கு முன் முக்கச் சொல்லவும் கூடாது. கருப்பை வாய் முழுதாகத் திறக்குமுன் முக்கினால் பெண் களைத்துப்போவாள், அந்த வாயும் வீங்கும்.

பிறந்த பிறகு செய்ய வேண்டியதையும் இன்றே சொல்லிவிடுங்கள். குழந்தை நாக்கில் சேனை தொட்டு வைக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் 24 மணி நேரம் குழந்தைக்குக் குளியல் கிடையாது. பச்சை உடம்பு என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் இங்கே அதிகம் பார்க்கிற தப்பு. தாகத்துக்குத் தகுந்த மாதிரி குடிக்க விடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை மாமியார் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.