டயாலிசிஸ் தொடங்கியாயிற்று, அடுப்படியில் என்ன மாற வேண்டும்?

நலம் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இளநீரோடுதான் வருவார்கள். டயாலிசிஸ் வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் கைவிட்டபின் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்பாவுக்குச் சமைக்கத் தொடங்கிய புதிதில் எனக்கும் இது தெரியாது.

வாரம் 3 முறை, சுமார் 4 மணி நேரம் ஹீமோடயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்தம் செய்வது) செய்துகொள்கிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அளவுகளை மருத்துவரும் உணவியல் நிபுணரும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாற்றுவார்கள். அவர்கள் சொல்வதே முடிவு.

படி 1: தினமும் காலையில், சாப்பிடுமுன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறுவது பெரும்பாலும் சதையல்ல, தேங்கிய நீர்.

படி 2: ஒரு நாளில் பிரியும் சிறுநீரின் அளவோடு சுமார் 500 மி.லி. சேர்த்தால் கிடைப்பதே அன்றைக்கான நீர். ரசம், மோர், காபி, கஞ்சி எல்லாம் இதில் அடக்கம். காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் நிரப்புங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் ஒரு டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். தாகத்தைக் கிளப்புவது உப்பு; ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் மறந்துவிடுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதையும் வாங்காதீர்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

படி 3: உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் 2 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்துவிட்டு, நிறையப் புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரையும் கொட்டுங்கள். சத்து போய்விடுமே என்று அதைச் சாம்பாரில் சேர்க்கத்தான் கை போகும். சேர்த்தால் பட்ட பாடு வீண். இப்படிச் செய்தாலும் பொட்டாசியம் குறையுமே தவிர முழுதும் போகாது. நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு.

படி 4: டயாலிசிஸுக்கு முன் “புரதத்தைக் குறையுங்கள்” என்றார்கள், இப்போது கூட்டச் சொல்கிறார்கள். குழம்ப வேண்டாம், இரண்டும் சரிதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புரதம் கழிவோடு வெளியேறிவிடுகிறது. பொதுவாக எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி உதவும். சைவர்கள் பருப்பின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும்.

படி 5: மருத்துவர் அனுமதித்தபின், டயாலிசிஸ் இல்லாத நாள்களில் 10 நிமிட நடையில் தொடங்குங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். டயாலிசிஸ் நடக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலை நீட்டி மடக்குவது போன்றவற்றை முதல் 2 மணி நேரத்துக்குள் செய்யலாம். பிறகு ரத்த அழுத்தம் இறங்க வாய்ப்புண்டு. ஊசி ஏறியிருக்கும் கை அசையக் கூடாது. பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த இடம்) உள்ள கையால் மற்ற நாள்களிலும் குடம் தூக்காதீர்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ ஒரு டயாலிசிஸ் தவறிப்போயிருந்தாலோ அன்று உடற்பயிற்சி கிடையாது. மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.