டிசம்பரில் நேரோபோட்: கால்வாய்ப் பராமரிப்புப் பணிகளைக் கடந்து செல்லும் முறை

டர்பனில் வாழும் நமக்குப் பிள்ளைகளின் நீண்ட பள்ளி விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. இங்கிலாந்தில் குடியேறிவிட்ட மகனையோ மகளையோ பார்க்கப் போகும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் குடும்பங்கள், தைப்பூசக் காவடிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கில் இந்த நான்கைந்து வாரங்களைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே போனதும் நேரோபோட் எனப்படும் நீண்டு ஒடுங்கிய வீட்டுப்படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கால்வாயில் போய்வர ஆசைப்படுகிறவர்கள், ஒன்றைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது: நமக்கு விடுமுறையான அந்த மாதங்கள்தாம் அந்தக் கால்வாய்களுக்குப் பழுதுபார்க்கும் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை படகுப் போக்குவரத்து குறைவாக இருப்பதால், கதவு மாற்றுவது, தூர்வாருவது, கரைக்குத் தகடு அடிப்பது, மரம் வெட்டுவது ஆகிய பெரிய வேலைகளையெல்லாம் அந்தப் பருவத்திலேயே செய்து முடிக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரித்து வருகிறது. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளான லாக்குகளின் கதவுகள் பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனவை. தண்ணீரிலேயே நிற்கும் அந்தக் கதவுகள் 25 ஆண்டுகள் உழைத்தால் பெரிது. அதன் பிறகு ஸ்டான்லி ஃபெரி, பிராட்லி ஆகிய இடங்களில் உள்ள பட்டறைகளில் புதிய கதவு செய்து கொண்டுவந்து மாட்டுகிறார்கள். மாட்டுவதற்கு முன் இருபுறமும் சுவரில் வெட்டிய காடிகளில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கித் தண்ணீரைத் தடுத்து, நடுவில் உள்ளதை இறைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டு ஏரி மதகில் பலகை செருகித் தண்ணீரை நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. இப்படி வற்றவிட்ட இடத்தை எந்தப் படகும் கடக்க முடியாது. தூர்வாரும் இடத்தையும் கரை கட்டும் இடத்தையும் பெரும்பாலும் கடக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு.

முதல் வேலை வீட்டிலிருந்தே செய்ய வேண்டியது. அறக்கட்டளையின் இணையதளத்தில் ஒவ்வொரு கால்வாய்க்கும் அறிவிப்புகள் வெளியாகின்றன. குளிர்காலப் பணிகளின் பட்டியல் முன்கூட்டியே கிடைக்கும். அதைப் படிக்கும்போது, வழி முழுவதும் அடைக்கப்பட்டதா, கட்டுப்பாட்டுடன் திறந்திருக்கிறதா, கரையோர நடைபாதை மட்டும் மூடப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நடைபாதை மூடப்பட்டிருந்தால் படகு போகும், ஆனால் அந்தப் பகுதியில் கரையில் இறங்கிக் கயிறு பிடிக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். படகு கொடுக்கும் நிறுவனங்கள் பல மார்ச் முதல் அக்டோபர் வரைதான் இயங்குகின்றன. டிசம்பரிலும் கொடுப்பவை சில உண்டு. அவர்களிடம் பணம் கட்டும் முன், “இந்த வாரத்தில் உங்கள் படகுத்துறையிலிருந்து இரு திசையிலும் எத்தனை மைல் திறந்திருக்கும்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

வட்டப் பாதைகளைக் குளிர்காலத்தில் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்னும் புகழ்பெற்ற வட்டம் 110 மைலும் 94 லாக்குகளும் கொண்டது. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது தெரியும் என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி 68 மணி நேரம் வருகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டு மணிக்குமேல்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வாடகைப் படகை இருட்டில் ஓட்ட அனுமதியில்லை. நாளுக்கு ஏழு மணி நேரம் ஓட்டினாலும் பத்து நாள் ஆகும். இது போதாதென்று, வட்டத்தில் ஓரிடம் அடைபட்டால் வந்த வழியே முழுதும் திரும்ப வேண்டும். ஒரு திசையில் போய் அதே வழியில் திரும்பும் பயணத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அடைப்பைக் கண்ட இடத்தில் திரும்பிவிடலாம்.

ஆனால் “திரும்பிவிடலாம்” என்று எழுதுவது எளிது. குடும்பத்தோடு தங்கும் வாடகைப் படகு 57 அடி நீளம் இருக்கக்கூடும். கால்வாய் பல இடங்களில் அதைவிடக் குறுகலானது. எனவே படகைத் திருப்புவதற்கென்றே கரையை முக்கோணமாகக் குடைந்து வைண்டிங் ஹோல் என்ற அகன்ற இடங்களை ஆங்காங்கே அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை அடிப் படகு திரும்பும் என்பது வேறுபடும். பணி நடக்கும் இடத்துக்கு முன்னால் உங்கள் படகின் நீளத்துக்குப் பொருந்தும் கடைசி வைண்டிங் ஹோல் எது என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். அதைத் தாண்டிவிட்டு அடைப்பின் முன் போய் நின்றால், 57 அடி இரும்பை மைல்கணக்கில் பின்னோக்கி ஓட்டிவர நேரும். பின்னோக்கி ஓடும் நேரோபோட் சுக்கானுக்குக் கட்டுப்படாது.

ஏன் கட்டுப்படாது என்பதைப் புரிந்துகொண்டால் பணியிடத்தைக் கடக்கும் கலையில் பாதி வந்துவிடும். நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம், எடை பதினைந்து டன் அளவு. அதற்குப் பிரேக் கிடையாது. சுக்கான் வேலை செய்வது, புரொப்பெல்லர் பின்னே தள்ளும் தண்ணீர் அதன்மீது மோதுவதால்தான். நியூட்ரலில் போட்டால் திருப்பும் வலிமை குறைந்துவிடும், ரிவர்ஸில் போட்டால் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஆகவே பணியிடத்தின் அருகே வந்து ரிவர்ஸ் போட்டு நிறுத்தலாம் என்று எண்ணுகிறவர், நிறுத்த வேண்டிய அந்த நொடியில் திசையையும் இழக்கிறார். வேகத்தைத் தொலைவிலேயே குறைத்துவிட்டு, எஞ்சின் மிகக் குறைந்த ஓட்டத்தில் முன்னோக்கி மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொள்வதே சரி. கால்வாயின் உச்சவரம்பு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்கும் குறைவு. பணியிடத்தில் அதில் பாதிகூட வேண்டாம்.

கரையில் சிவப்பு வெள்ளைப் பலகையோ, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவரோ, மண் அள்ளும் எந்திரத்தின் கையோ தென்பட்டவுடன் வேகத்தைக் குறையுங்கள். வீட்டில் கண் கூர்மையான ஒருவரை முகப்புத் தளத்தில் உட்கார வையுங்கள். பின்புறம் நிற்கும் ஓட்டுநருக்கு ஐம்பது அடிக்கு முன்னால் தண்ணீரில் மிதப்பது தெரியாது. வளைவு மறைத்தால் ஒருமுறை நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும். கையசைவு இல்லாமல் நெருங்கக் கூடாது. மண் அள்ளும் கை கால்வாய்க்குக் குறுக்கே நீண்டிருக்கும்போது அதை இயக்குபவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் இரைச்சலில் ஹாரன் அவர் காதில் விழாமல் போகலாம். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பி, வாளி கீழே இறங்கி, ஓர் ஆள் வாருங்கள் என்று கையசைத்த பிறகே நகருங்கள்.

காத்திருக்க நேர்ந்தால் நடைபாதைப் பக்கம் ஒதுங்கி, படகின் நடுவில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி கரையில் ஒருவர் நிற்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ஜூன், ஜூலையில் சார்டீன் மீன் கூட்டம் வரும்போது டர்பன் கடற்கரையில் வலையிழுத்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கணினி முன்னால் வளர்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள். கயிறு இறுகத் தொடங்கினால் விட்டுவிட வேண்டும். பதினைந்து டன்னை மனிதக் கை நிறுத்தாது.

நாம் தென்னாப்பிரிக்காவில் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். கால்வாயில் வலப்பக்கம் ஒதுங்கி, எதிரே வரும் படகை நமது இடப்பக்கம் விட்டுக் கடக்க வேண்டும். பதற்றத்தில் பழக்கம்தான் முந்திக்கொள்ளும் என்பதால் இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பணியிடத்தில் ஆள் வேறு பக்கம் போகச் சொன்னால் அவர் சொல்லே விதி. எதிரில் ஒரு படகு ஏற்கெனவே பணியிடத்தின் குறுகிய இடுக்குக்குள் நுழைந்திருந்தால் அது வெளியே வரும்வரை நில்லுங்கள்.

இடுக்குக்குள் நுழைந்த பிறகு நடப்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். மண் ஏற்றிய தட்டைப் படகு ஒன்று எங்கள் இடப்பக்கம் கட்டப்பட்டிருந்தது. எங்கள் முகப்பு அதைத் தாண்டியதும், விலகிப் போகலாம் என்று சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினேன். முகப்பு வலப்பக்கம் திரும்பியது; பின்புறம் அதே அளவுக்கு இடப்பக்கம் வீசிப் போய் அந்தப் படகின் விளிம்பில் உரசியது. அடுப்பிலிருந்த பருப்பு தரையில் கொட்டியது. “மாமா, காரா ஓட்டுறீங்க?” என்று என் அக்காள் மகள் உள்ளேயிருந்து கேட்டாள். கேட்டது நியாயமே. கார் முன்சக்கரத்தால் திரும்புகிறது, பின்பகுதி அதன் பின்னே வருகிறது. நேரோபோட் தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு தராசு முள்போலத் திரும்புகிறது. ஆகையால் ஒதுங்க வேண்டிய அளவுக்கு நுழைவதற்கு முன்பே ஒதுங்கிக்கொண்டு, உள்ளே நேர்கோட்டில் சென்று, பின்புறமும் முழுவதும் வெளிவந்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

வேகமும் இங்கே வேறு விதத்தில் கெடுதல் செய்கிறது. குறுகிய நீரில் படகு முன்னே தள்ளும் தண்ணீர் பக்கவாட்டில் பின்னோக்கி விரைகிறது, அதனால் பக்கங்களில் நீர்மட்டம் தாழ்ந்து அருகில் உள்ள எதையும் படகை நோக்கி இழுக்கிறது. கட்டியிருக்கும் பணிப்படகு கயிற்றை இழுத்துக்கொண்டு அசையும்; அதன்மேல் நிற்கும் தொழிலாளியின் கால் தடுமாறும். திடீரென்று வேகம் கூட்டுவதும் குறைப்பதும் இதை இன்னும் மோசமாக்கும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் மட்டும், படகு கோணிக்கொண்டு போகாதிருக்கச் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படும்.

கால்வாயின் அடி தட்டுப் போன்றது: நடுவில் ஆழம், ஓரங்களில் மேடு. படகு இரண்டு இரண்டரை அடி ஆழம் தண்ணீருக்குள் இருக்கும். பணிப்படகுக்கு இடம்விட்டு ஓரத்துக்குப் போகும்போது தரைதட்டுவது சாதாரணம். அப்போது முன்னோக்கி எஞ்சினை முடுக்கினால் சேற்றில் இன்னும் ஆழப் பதியும். வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். அசையாவிட்டால் எல்லாரையும் ஆழமான பக்கம் நகரச் சொல்லி, படகில் உள்ள நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுங்கள். கழியை மார்பில் வைத்துத் தள்ளக் கூடாது, காலால் கரையையோ பணிப்படகையோ உதைக்கவும் கூடாது. பணியாட்களிடம் உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பணியிடம் தாண்டிய பிறகும் எஞ்சின் வழக்கத்தைவிட அதிர்ந்தாலோ, விசை கூட்டியும் படகு நகரத் தயங்கினாலோ, புரொப்பெல்லரில் கயிறோ பிளாஸ்டிக் வலையோ சுற்றியிருக்கிறது என்று பொருள். பாதுகாப்பான இடத்தில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகே புரொப்பெல்லருக்கு மேலே உள்ள மூடியைத் திறக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டிசம்பர்த் தண்ணீரில் விரல் இரண்டு நிமிடத்தில் மரத்துவிடும், கால்வாய் நீர் காயத்தில் படுவதும் நல்லதல்ல. மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பொருத்திவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். தளர்வாக விட்டால் புரொப்பெல்லர் அள்ளி வீசும் தண்ணீர் உள்ளே ஏறிப் படகே மூழ்கக்கூடும்.

அன்றிரவு பணியிடத்துக்கு அருகில் தங்க நேர்ந்தால் கயிற்றை விறைப்பாகக் கட்டாமல் சற்றுத் தளர்த்திக் கட்டுங்கள். பக்கத்துப் பகுதியில் தண்ணீர் இறைத்தால் இங்கும் மட்டம் இறங்கலாம். விறைப்பாகக் கட்டிய படகு கயிற்றில் தொங்கிச் சாய்ந்துவிடும். சங்கிலியோ நாடாவோ சுற்றிய லாக் மதகைத் திறக்காதீர்கள், ஏனெனில் அதன் மறுபுறம் வற்றவிட்ட குழியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கலாம். பணிப்படகில் உரசியிருந்தால் அந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து, ஒரு படம் எடுத்து, அன்றைக்கே படகு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், பெயிண்ட் செலவை முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.